விமானம் ஏறாதவன் கட்டும் டிக்கெட்



நீளமான பதிவு. இப்போது நேரம் இல்லாதவர்கள் சேமித்து வைத்து இரவில் வாசியுங்கள். வாசிக்காமல் கருத்துப் போட வேண்டாம். வகுப்பில் பிள்ளைகளிடமும் நாங்கள் இதைத்தான் கேட்கிறோம்: முதலில் கேள்வியை முழுக்க வாசி, பிறகு விடை எழுது.

கடந்த வாரம் நமது ஊர் வாட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பேசியவர் நமக்குத் தெரிந்தவர். நல்ல மனிதர். நோன்பு காலத்தில் பெயர் சொல்லாமல் நாலு வீட்டு வாசலில் அரிசி இறக்கிவிட்டுப் போகிறவர். அவர் சொன்னது இது:

"இந்த நாட்ட நாசமாக்கினது யூனியன்காரனுகள். மாஸ்டர்மார் ஸ்ட்ரைக், கரண்ட்காரன் ஸ்ட்ரைக், ஆஸ்பத்திரிக்காரன் ஸ்ட்ரைக். ப்ளேன் கம்பெனில ஈக்கிறவனுக்கு லட்சக்கணக்குல சம்பளம். எல்லாத்தயும் வித்துப்போட்டு பாதிப்பேர வீட்டுக்கு அனுப்பணும்."

அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல். கைதட்டியவர்களில் எங்களிடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். எங்களிடம் இப்போது படிக்கும் பிள்ளைகளின் வாப்பாமார் இருக்கிறார்கள். களுபோவில ஆஸ்பத்திரியில் வார்டில் வேலை செய்யும் உம்மாவின் மகன் ஒருவரும் கைதட்டியிருந்தார். அதுதான் எங்களை இதை எழுத வைத்தது.

நாங்கள் என்று எழுதுவது இந்தப் பக்கத்தில் குடியிருந்து அரசாங்கப் பாடசாலைகளில் படிப்பிக்கும் ஆசிரியர்களை. எங்களுக்கும் சம்பளம் வரி செலுத்துகிறவனின் காசில் இருந்துதான் வருகிறது. அதை மறைக்கவில்லை. ஆகவே எங்களைப் பற்றிய குற்றச்சாட்டுக்கும் கடைசியில் பதில் சொல்கிறோம். முதலில் அந்த ப்ளேன் கம்பெனியில் இருந்து தொடங்குவோம். அவர் சரியான இடத்தைத்தான் தொட்டார், பிழையான ஆளைப் பிடித்துவிட்டார்.

எயார் லங்கா 1979இல் தொடங்கியது. 1998இல் துபாயின் எமிரேட்ஸ் பங்கு வாங்கி, 10 வருஷ ஒப்பந்தத்தில் நிர்வாகத்தையும் எடுத்துக்கொண்டது. அப்போதுதான் ஸ்ரீலங்கன் என்ற பெயர் வந்தது. லாபம் காட்டிய வருஷங்களும் அந்தக் காலத்தில் இருந்தன. 2007 டிசம்பரில் லண்டனில் இருந்து திரும்பும் விமானத்தில் அப்போதைய ஜனாதிபதியின் குழுவினருக்கு ஆசனம் வேண்டும் என்று கேட்கப்பட்டது. ஏற்கனவே டிக்கெட் எடுத்த பயணிகளை இறக்கிவிட்டு ஆசனம் தர நிர்வாகம் மறுத்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியின் தலைமை நிறைவேற்று அதிகாரியின் வேலை வீசா ரத்துச் செய்யப்பட்டது. 2008இல் எமிரேட்ஸ் நிர்வாகத்தை விட்டுப் போனது. 2010இல் அதன் பங்குகளை நாம் 53 மில்லியன் டொலர் கொடுத்துத் திருப்பி வாங்கினோம். நாம் என்றால் நீங்களும் நாங்களும்தான்.

பிறகு ஜனாதிபதியின் மைத்துனர் தலைவர் கதிரையில் அமர்ந்தார். 2007இல் தொடங்கிய மிஹின் லங்கா என்ற இன்னொரு விமானக் கம்பெனியும் நட்டத்திலேயே பறந்து 2016இல் மூடப்பட்டது. அதன் கடனும் ஸ்ரீலங்கன் தலையில் விழுந்தது. 2013இல் எயார்பஸ் கம்பெனியிடம் புது விமானங்கள் வாங்க ஒப்பந்தம். அதில் சில ஏ350 விமானங்களைப் பின்னர் வேண்டாம் என்று ரத்துச் செய்தார்கள். ரத்துச் செய்ததற்கும் நட்டஈடு, அதுவும் டொலரில்.

அந்த ஒப்பந்தத்தின் உள்விஷயம் 2020 ஜனவரியில் வெளியே வந்தது. இலங்கையில் யாரும் தோண்டி எடுக்கவில்லை. லண்டன் நீதிமன்றத்தில் எயார்பஸ் கம்பெனி செய்துகொண்ட இணக்கப்பாட்டில் அது பதிவாகியிருந்தது. ஸ்ரீலங்கன் அதிகாரி ஒருவரின் மனைவியின் பெயரில் இருந்த கம்பெனிக்கு 16 மில்லியன் டொலருக்கு மேல் தருவதாக ஏற்பாடு, அதில் 2 மில்லியன் டொலர் கைமாறியது. அடுத்த மாதமே முன்னாள் தலைமை நிறைவேற்று அதிகாரியும் அவரது மனைவியும் இங்கே கைது செய்யப்பட்டார்கள்.

இப்போது சொல்லுங்கள். இந்த முடிவுகளில் எதை யூனியன் எடுத்தது? பைகளை ஏற்றி இறக்குகிறவனா மிஹின் லங்காவைத் தொடங்கினான்? விமானத்துக்குள் தேத்தண்ணி ஊற்றிய பிள்ளையா ஏ350க்குக் கையெழுத்துப் போட்டாள்? கட்டுநாயக்காவில் இரவு ஷிஃப்டில் இயந்திரத்துக்கு அடியில் படுத்து வேலை செய்த மெக்கானிக்கா எமிரேட்ஸைத் துரத்தினான்?

ஒரு விமானக் கம்பெனியில் பெரிய செலவு எரிபொருள். பிறகு விமானக் குத்தகை, பராமரிப்பு, கடனுக்கு வட்டி. அங்கே ஆட்கள் தேவைக்கு அதிகமாக எடுக்கப்பட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களை எடுத்தது யார்? அமைச்சர்மாரின் கடிதத்தோடு வந்தவர்களை மறுக்க முடியாத நிர்வாகம்தானே. கடிதம் கொடுத்தவர் இன்று மேடையில் நின்று "ஊழியர் அதிகம்" என்று பேசுகிறார். கடிதத்தோடு போனவன் மாத்திரம் குற்றவாளி.

2022 மே 16, நாடு கடன் கட்ட முடியாது என்று அறிவித்து ஒரு மாதம் கடந்த நேரம். புதிதாகப் பிரதமரான ரணில் விக்ரமசிங்க தொலைக்காட்சியில் பேசினார். 2020-2021 வருஷத்தில் மட்டும் ஸ்ரீலங்கன் நட்டம் 45 பில்லியன் ரூபா. 2021 மார்ச் 31 வரை மொத்த நட்டம் 372 பில்லியன் ரூபா. வாழ்நாளில் விமானத்தில் காலே வைக்காத ஏழைகளும் இந்த நட்டத்தைச் சுமக்க வேண்டியிருக்கிறது என்று அவரே சொன்னார்.

இதைத் தரம் 6 பிள்ளைக்கும் விளங்கும் கணக்காகப் போடுவோம். 372 பில்லியன் ரூபாவை நாட்டில் உள்ள 2 கோடி 20 லட்சம் பேருக்குப் பங்கு வையுங்கள். தலைக்கு ஏறத்தாழ 17,000 ரூபா. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 85,000 ரூபா. களுபோவில சந்தியில் மீன் விற்கிறவருக்கும் அதே பங்கு. மஸ்கெலியாவில் கொழுந்து பறிக்கும் தங்கச்சிக்கும் அதே பங்கு. நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் அதே பங்கு. டிக்கெட் எல்லோருக்கும் வெட்டியாகிவிட்டது. ஆசனம் மட்டும் வேறு ஆட்களுக்கு.

நட்டம் அதோடு நிற்கவும் இல்லை. இலங்கை வங்கிக்கும் மக்கள் வங்கிக்கும் ஸ்ரீலங்கன் கட்ட வேண்டிய சுமார் 510 மில்லியன் டொலர் கடனைத் திறைசேரி தன் தலையில் எடுத்துக்கொண்டது. திறைசேரிக்கு எங்கிருந்து காசு? 2019 கடைசியில் 8 வீதமாகக் குறைக்கப்பட்ட வற் வரி 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 வீதம். குறைத்தபோது லாபம் யாருக்கு வந்தது என்று கடைக்காரர்களுக்குத் தெரியும். கூட்டியபோது யார் கட்டினார்கள் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

அடுத்தது ஈ.பி.எஃப். இதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். இந்த ஊரில் அதிகமானவர்களைத் தொட்ட விஷயம் இது, அதிகமானவர்கள் கவனிக்காமல் விட்டதும் இதுதான்.

1958ஆம் வருஷச் சட்டத்தில் உருவான ஊழியர் சேமலாப நிதியத்துக்கு உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியிடம் இருந்து 12 வீதமும் போகிறது. அந்தக் காசு பெரும்பாலும் அரசாங்கப் பிணைமுறிகளில், அதாவது அரசாங்கத்துக்கே கடனாகப் போகிறது. 2023 ஜூன் கடைசியில் பெருநாள் லீவோடு சேர்த்து வங்கிகள் ஐந்து நாள் மூடியிருந்தன. ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் 122க்கு 62 என்ற வாக்கில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு நிறைவேறியது. நாம் குர்பான் இறைச்சி பங்கு வைத்து முடித்த களைப்பில் இருந்தோம்.

அதன்படி ஈ.பி.எஃப் கையில் இருந்த பிணைமுறிகளை நீண்ட காலப் பிணைமுறிகளாக மாற்ற வேண்டும். வட்டி 2025 வரை 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம். மாற்றாவிட்டால் வருமான வரி 14 வீதத்தில் இருந்து 30 வீதம். இதற்குப் பெயர் விருப்பத்தின் பேரில். தனியார் வங்கிகளிடமும் இதே மாதிரியான ரூபா பிணைமுறிகள் இருந்தன. அவற்றைத் தொடவில்லை. வங்கிகள் ஏற்கனவே கஷ்டத்தில் இருக்கின்றன, தொட்டால் வைப்பு வைத்தவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காரணத்தில் உண்மை இருக்கிறது. வங்கி விழுந்தால் நம் காசும்தான் விழும். சரி. ஆனால் அதே வருஷம் நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் வங்கிகளின் மூலதனத்தைப் பலப்படுத்த 450 பில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். வங்கிக்குக் கை கொடுக்க அரசாங்கத்திடம் வழி இருந்தது. தையல் மெஷினில் 25 வருஷம் குனிந்திருந்த தாத்தாவின் ஓய்வுக்காலக் காசுக்கு மட்டும் வழி இருக்கவில்லை.

எங்களுக்கு, அரசாங்க ஆசிரியர்களுக்கு, பென்ஷன் இருக்கிறது. எங்கள் காசு ஈ.பி.எஃப்பில் இல்லை. ஆகவே இது எங்கள் சம்பளச் சண்டை இல்லை. எங்கள் தம்பிமாரின், மருமக்களின், பக்கத்து வீட்டாரின் காசு அது. அன்று எந்தக் குழுமத்திலும் ஒரு குரல் பதிவும் வரவில்லை.

ஈ.பி.எஃப் காசை முதலீடு செய்து நிர்வகிப்பது மத்திய வங்கி. நிதியத்தின் வட்டி குறைக்கப்பட்டு ஒரு வருஷமும் ஆகவில்லை. 2024 தொடக்கத்தில் அதே மத்திய வங்கி தன் ஊழியர்களின் சம்பளத்தை 70 வீதம் அளவுக்கு உயர்த்திய செய்தி வெளியே வந்தது. பாராளுமன்றத்தில் பெரிய சத்தம். எங்களுக்குக் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருத்துவோம், கெட்டிக்காரர்கள் வெளிநாடு போகிறார்கள், அவர்களை நிறுத்தி வைக்க வேண்டும் என்று பதில் வந்தது.

கவனியுங்கள். கெட்டிக்காரர்கள் போகிறார்கள் என்ற அதே காரணத்தை ஆசிரியர் சொன்னால் அதற்குப் பெயர் மிரட்டல். தாதி சொன்னால் நோயாளியைப் பணயம் வைப்பது. 2022இல் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 ரூபாவுக்குப் போனபோது எல்லோருடைய சம்பளமும்தான் பாதியானது. மத்திய வங்கிக்காரருக்கு மட்டும் பாண் விலை ஏறவில்லை.

எங்கள் கதைக்கு வருவோம். ஆசிரியர், அதிபர் சம்பள முரண்பாடு 1997இல் தொடங்கியது. எங்களுக்குச் சமமான சேவைகளின் சம்பளம் மேலே போக நாங்கள் பின்னால் நின்றோம். ஆணைக்குழுக்கள் வந்தன, சுபோதினி குழு வந்தது, அறிக்கைகள் வந்தன. கொரோனா காலத்தில் சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் சூம் வகுப்பு எடுத்தோம். 2021 ஜூலை 12இல் அந்த வகுப்புகளை நிறுத்தி மூன்று மாதத்துக்கு மேல் போராடினோம். கேட்டதில் மூன்றில் ஒரு பங்கு 2022 ஜனவரியில் கிடைத்தது. அதே வருஷம் விலைவாசி அதைத் தின்றுவிட்டது. மிச்ச இரண்டு பங்கைக் கேட்டு 2024 ஜூன் 26 கோட்டையில் நின்றபோது கண்ணீர்ப் புகையும் தண்ணீர்த் தாரையும் கிடைத்தன.

அந்த நாள் எங்கள் பிள்ளைகளின் படிப்பு கெட்டது. இல்லை என்று சொல்ல மாட்டோம். பணக்கார வீட்டுப் பிள்ளை டியூஷனுக்குப் போனது, ஏழை வீட்டுப் பிள்ளை வீட்டில் இருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் கையும் சுத்தமில்லை. இன்னும் சொல்கிறோம்: வகுப்பில் தூங்கிவிட்டு பின்னேரம் டியூஷன் வகுப்பில் விழித்துக்கொள்ளும் ஆசிரியர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நட்டத்தில் ஓடும் கூட்டுத்தாபனத்தில் போனஸ் கேட்கும் சங்கங்களும் இருக்கின்றன. அரசியல் கட்சியின் நிறத்தைப் பார்த்து ஸ்ட்ரைக் அடிக்கும் தலைவர்களும் இருக்கிறார்கள். இவர்களைக் கேள்வி கேளுங்கள், நாங்களும் சேர்ந்து கேட்கிறோம்.

ஆனால் அளவு தெரிய வேண்டாமா? பிந்தி வந்த ஆசிரியரையும் 372 பில்லியனையும் ஒரே தராசில் வைத்தால் அந்தத் தராசு யாருக்கு லாபம்?

ஒரு வழக்கமான வேலையும் இதில் நடக்கிறது. 2024 ஜனவரியில் டாக்டர்மாரின் 35,000 ரூபா விசேட படி 70,000 ஆக்கப்பட்டது. மற்ற சுகாதார ஊழியர்கள் எங்களுக்கும் 35,000 தாருங்கள் என்று பெப்ரவரியில் வேலையை நிறுத்தினார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டார்கள். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் பெருநாள் உடுப்பு எடுத்துக் கொடுத்துவிட்டு, மற்றப் பிள்ளை அழுதால் அடிப்பது போன்ற வேலை அது. அடுத்த நாள் தெருவில் என்ன பேச்சு? பெருநாள் உடுப்பைப் பங்கு வைத்தவரைப் பற்றி யாரும் பேசவில்லை. அழுத பிள்ளையைப் பற்றித்தான் பேச்சு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதி என்று நினைக்காதீர்கள். 2008 நவம்பரில் அமெரிக்காவின் மூன்று பெரிய கார் கம்பெனிகள், ஜெனரல் மோட்டர்ஸ், ஃபோர்ட், கிரைஸ்லர், 25 பில்லியன் டொலர் உதவி கேட்டு வொஷிங்டன் போயின. மூன்று தலைவர்களும் மூன்று தனி ஜெட் விமானத்தில் போய் இறங்கினார்கள். பிச்சைப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தனி விமானத்தில் வந்தீர்களா என்று கேட்டு நாடே சிரித்தது. அடுத்த மாதம் காரில் போனார்கள்.

அங்கேயும் அப்போது பெரிய பேச்சு தொழிலாளியைப் பற்றித்தான். கார்த் தொழிலாளிக்கு மணிக்கு 70 டொலராம், அதனால்தான் கம்பெனி விழுந்ததாம். அந்த 70 டொலரில் ஏற்கனவே ஓய்வு பெற்ற லட்சக்கணக்கானவர்களின் பென்ஷனும் வைத்தியச் செலவும் சேர்த்துக் கணக்குப் போடப்பட்டிருந்தது. வேலை செய்தவனின் கைக்கு வந்தது 28 டொலர் அளவுதான். புதிதாகச் சேர்கிறவனுக்கு அதில் பாதி, 14 டொலர் என்று ஆக்கினார்கள். அரசாங்கம் காப்பாற்றியது, கம்பெனிகள் எழுந்தன, லாபம் வந்தது. ஜெனரல் மோட்டர்ஸ் பங்குகளை விற்று முடித்தபோது வரி கட்டியவனுக்கு 10 பில்லியன் டொலருக்கு மேல் நட்டம். தொழிலாளி விட்டுக்கொடுத்ததைத் திருப்பிக் கேட்க 2023 வரை காத்திருந்து வீதிக்கு இறங்க வேண்டி வந்தது. அதற்கு முந்திய வருஷம் ஜெனரல் மோட்டர்ஸ் தலைவரின் வருமானம் 29 மில்லியன் டொலருக்கு அண்மித்தது.

அந்தக் கதையில் நமக்கு இரண்டு பாடம். கம்பெனியைக் காப்பாற்றுவது எப்போதும் பிழை என்று இல்லை. அன்று காப்பாற்றாமல் விட்டிருந்தால் பல லட்சம் பேர் தெருவுக்கு வந்திருப்பார்கள். ஆனால் காப்பாற்றும்போது யாருடைய தட்டில் இருந்து எடுக்கிறோம் என்பதை முதலே எழுதி வைக்காவிட்டால், அடியில் இருப்பவனின் தட்டில் இருந்துதான் எடுப்பார்கள்.

"அப்படியென்றால் ஸ்ரீலங்கனை வித்திடலாமே சேர்?" என்று கேட்பீர்கள். 2024இல் விற்கப் பார்த்தார்கள், சரிவரவில்லை. புதிய அரசாங்கம் விற்பதில்லை என்று முடிவு செய்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் பழைய கடனுக்காக 20 பில்லியன் ரூபா ஒதுக்கியது. விற்பதா வைப்பதா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருக்கிறது. ஒன்றில் மட்டும் ஒரே கருத்து. கடனை நாம் எடுத்துக்கொண்டு கம்பெனியை மட்டும் விற்றால் அது விற்பனை இல்லை, சீதனம். கம்பெனியை வைத்துக்கொண்டு கணக்கைக் காட்டாமல் வருஷா வருஷம் காசு ஊற்றினால் அதுவும் சீதனம்தான். முந்தியது முதலாளிக்கு, பிந்தியது அரசியல்வாதிக்கு.

இனி சலுகைகளுக்கு வருவோம். நம் மிம்பரில் பல தடவை கேட்ட ஒரு சம்பவம். ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டினார். அவர் தன் தாய் தகப்பன் வீட்டில் இருந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். சலுகை என்ற வார்த்தைக்கு இதைவிடத் தெளிவான பரீட்சை கிடையாது. வாகன அனுமதிப்பத்திரம், பங்களா, எரிபொருள், பாதுகாப்பு வாகனம். அந்தக் கதிரை இல்லாவிட்டால் இதில் எது வீடு தேடி வந்திருக்கும்?

2025 செப்டெம்பரில் முன்னாள் ஜனாதிபதிமாரின் உரித்துரிமைகளை நீக்கும் சட்டம் 151 வாக்குகளோடு நிறைவேறியது. எதிர்த்து ஒரே ஒரு வாக்கு. அடுத்த நாளே விஜேராம பங்களா காலியானது. நாங்களும் சந்தோஷப்பட்டோம். பட்டாசு கொளுத்தியவர்களும் இருந்தார்கள். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்கிறோம்: ஒரு பங்களாவைக் காலி செய்வது பார்க்க நன்றாக இருக்கும். பழைய ஆளிடம் பறித்தது நல்லது. புதிய ஆள் எடுக்க முடியாதபடி விதி எழுதுவதுதான் நிற்கும். கூட்டுத்தாபனத் தலைவர்களின், பணிப்பாளர் சபைகளின் சம்பளமும் வாகனமும் படியும் வருஷத்துக்கு ஒருமுறை மூன்று மொழியிலும் வெளியே வரட்டும். நட்டம் காட்டிய வருஷத்தில் மேலே இருப்பவனின் படி முதலில் குறையட்டும். கீழே இருப்பவனிடம் அதற்குப் பிறகு வாருங்கள்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. நாட்டின் பொருளாதார வீழ்ச்சிக்குப் பொறுப்பு கோட்டாபய, மஹிந்த, பசில் ராஜபக்ஷ, மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள், திறைசேரியின் முன்னாள் செயலாளர் ஆகியோர் என்றும், அவர்கள் மக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்றும் சொன்னது. நம் பாஷையில் சொன்னால் அமானித மோசடி. வழக்குப் போட்டவர்களுக்குச் செலவுத் தொகையாக 150,000 ரூபா. நாட்டின் உச்ச நீதிமன்றம் பெயர் சொல்லித் தீர்த்த விஷயம் அது. அந்தப் பட்டியலில் ஒரு மாஸ்டர் இல்லை, ஒரு தாதி இல்லை, ஒரு மின்சார சபை லைன்மேன் இல்லை. தீர்ப்பு வந்த பிறகும் நம் குழுமத்தில் குற்றவாளி மட்டும் மாறவில்லை.

இப்போது கசப்பான பகுதி. இதற்காக சிலர் எங்களோடு கோபிக்கலாம்.

புறக்கோட்டையில், வெள்ளவத்தையில், தெஹிவளையில் நம்மவர்களின் கடைகள் எத்தனை! அவற்றில் காலை ஒன்பதில் இருந்து இரவு ஒன்பது வரை நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு ஈ.பி.எஃப் கட்டப்படுகிறது? ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் கட்ட வேண்டும் என்பது சட்டம். தனியார் துறையின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் இருந்து 27,000 ரூபா, 2026 ஜனவரியில் இருந்து 30,000 ரூபா. எங்களிடம் சாதாரண தரம் எழுதிவிட்டுக் கடைக்குப் போன பிள்ளைகள் பெருநாளைக்கு வந்து சலாம் சொல்லும்போது கேட்கிறோம். "ஈ.பி.எஃப் வெட்டுறாங்களா மகன்?" பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது. "முதலாளி நல்லவர் சேர், பெருநாளைக்கு உடுப்பு எடுத்துத் தருவார்" என்கிறார்கள்.

உடுப்பு ஸதகா. அதற்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. ஈ.பி.எஃப் அவனுடைய ஹக். வியர்வை காய முன் கூலியைக் கொடு என்ற ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம், கல்யாண வீட்டில் சமையல்காரருக்குக் காசு கொடுக்கும்போது சொல்லிக்கொள்வோம். 20 வருஷம் நின்ற பையன் முதுகு வளைந்து வீட்டுக்குப் போகும்போது அவன் கையில் ஒன்றும் இல்லை என்றால் வியர்வை எப்போதோ காய்ந்துவிட்டது.

மேலே அமர்ந்தவன் கீழே உள்ளவனின் பங்கில் கை வைக்கிறான் என்று ஸ்ரீலங்கனைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். அதே வேலையைக் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று நாம் செய்தால், நாம் திட்டுகிறவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் தொகையில் மட்டும்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

இளைஞர்களே, திங்கட்கிழமை முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள்: என் ஈ.பி.எஃப் அங்கத்துவ இலக்கம் என்ன? விடை வரவில்லை என்றால் எந்த வயதிலும் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்யலாம். படிவம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள், மஃரிபுக்குப் பிறகு இருப்போம். காசு வேண்டாம்.

கடை வைத்திருக்கும் நானாமாரே, இந்த மாதமே தொடங்குங்கள். பழைய நிலுவை மலைப்பாக இருக்கும், தெரியும். புதிய பாவத்தையாவது கூட்டாமல் இருப்போம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினரே, நமது முஅத்தினுக்கும் மத்ரஸா உஸ்தாத்மாருக்கும் துப்புரவு செய்கிறவருக்கும் என்ன கொடுக்கிறோம், ஓய்வு காலத்துக்கு என்ன வைக்கிறோம் என்பதை வருடாந்தக் கணக்கில் ஒரு வரியாகச் சேருங்கள். ஊருக்குக் கணக்குக் காட்டப் பழகிய சமூகம்தான் அரசாங்கத்திடம் கணக்குக் கேட்கலாம்.

குரல் பதிவு போட்ட சகோதரருக்கு: உங்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. உங்கள் கோபத்தை நாங்கள் குறைக்கவும் கேட்கவில்லை. அடுத்த ஸ்ட்ரைக் வரும்போது எங்களைத் திட்டுங்கள், உரிமை உண்டு. திட்டி முடிந்ததும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள்: இந்த முடிவை எடுத்தது யார், காசு கட்டுவது யார்? இரண்டுக்கும் ஒரே பெயர் விடையாக வரும் நாளில் இந்த நாடு சரியாகும்.

அல்லாஹ் நம் எல்லோருடைய சம்பாத்தியத்தையும் ஹலாலாக்கி, அமானிதம் பேணுகிறவர்களாக ஆக்குவானாக. ஆமீன்.

பிழை இருந்தால் சுட்டிக் காட்டுங்கள், திருத்துகிறோம். சரி என்று பட்டால் பகிருங்கள். கடையில் நிற்கும் ஒரு பிள்ளைக்காவது போய்ச் சேரட்டும்.